இரண்டாம் பந்திக் காற்று

ஜூலை 28, திங்கள்

ஜெசி, இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள். ஆதிரை தூங்கினால்தான் என் இரண்டு கையும் எனக்குத் திரும்பக் கிடைக்கின்றன. இன்றைக்கு அவள் தூங்கியது இப்போதுதான். பூனாவுக்கு ரயில் ஏறும்போது, "அன்னன்னிக்கு நடந்ததை எழுதி வை, மொத்தமா அனுப்பு, கம்பெனி பஸ்ல படிச்சுக்கறேன்" என்றாய். எழுதுகிறேன். ஆனால் முதல் பக்கமே திட்டுதான்.

காலையில் பட்டறைக்கு ஒரு ஃபோன். ஆகஸ்ட் பத்தாம் தேதி நீலாம்பூர் தாண்டி ஒரு மைதானத்தில் ஆட்டோகிராஸ் கார்ப் பந்தயம் நடக்கிறதாம். பெண்கள் பிரிவில் நம் பட்டறை வண்டிக்கு ஓட்டுநர் கோகிலவாணி என்று பெயர் பதிவாகியிருக்கிறதாம். என் ரத்த வகை என்ன என்று கேட்டார்கள். ரத்த வகை கேட்கிற இடத்துக்கெல்லாம் என் பெயரை எதற்குக் கொடுக்கிறாய்? அதுவும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்!

பைப் செய்வது என் வேலை. டர்போவுக்குக் காற்று வரும் பைப், புகை போகும் பைப், இரண்டையும் செய்து பூட்டிக் கொடுப்பேன். ஓட்டுவது காலேஜோடு போயிற்று. சரி, காலேஜுக்குப் பிறகும் நாலு வருஷம் ஓட்டினேன்தான். ஆனால் இப்போது ஒன்பது மாதக் குழந்தை இருக்கிறது. நாளைக்கே ஃபோன் பண்ணி என் பெயரை எடுக்கச் சொல்லிவிடுவேன்.

ஜூலை 30, புதன்

நீ வரைந்த பைப்பைப் பூட்டிப் பந்தயத்துக்கு அனுப்ப வண்டி வந்துவிட்டது. மல்லிகாக்காவை உனக்குத் தெரியாது. சிங்காநல்லூரில் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிறவர். ஆடியில் கல்யாணம் கிடையாது, அதனால் அவருக்கும் வேலை இல்லை, அவருடைய சின்ன டர்போ பெட்ரோல் காருக்கும் வேலை இல்லை. "ஆவணி பொறக்கற வரைக்கும் வெச்சு என்ன வேணா பண்ணு. ஆனா திருப்பிக் குடுக்கறப்ப, ஈரோட்டு மண்டபத்துக்கு நான் சாம்பார் ஆறறதுக்குள்ள போய்ச் சேரோணும்" என்று சாவியைக் கொடுத்தார்.

பானெட்டைத் திறந்ததும் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். "ஏன் அம்மணி, டர்போ டர்போங்கறீங்களே, அது என்னதான் பண்ணுது?"

"என்ஜின் தள்ற புகை சும்மா வெளிய போகாதுங்க்கா. போற வழியில ஒரு சின்ன விசிறியச் சுத்திவிட்டுட்டுப் போகும். அதே தண்டுல அந்தப் பக்கம் இன்னொரு விசிறி. அது வெளிக் காத்தை இழுத்து என்ஜினுக்குள்ள திணிக்குமுங்க."

"மொத பந்தி எந்திரிக்கற வெசையில ரெண்டாம் பந்திய உக்கார வெக்கறாப்ல."

நான் அப்படியே நின்றுவிட்டேன். நாலு வருஷம் படித்ததை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார் என்று நினைக்காதே, அடுத்த கேள்வி, "அப்ப டீசல் ஊத்துனா இன்னும் வெசையாப் போகுமா?" என்பது. ஃபெலிக்ஸண்ணா வெல்டிங் மாஸ்க்கை இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே சிரித்தார்.

"நீ செய்யற பைப்பு எந்தப் பக்கம்?" என்றார் மல்லிகாக்கா.

"ரெண்டு பக்கமுமேங்க. காத்து வர்றது, புகை போறது."

"பந்திக்குக் கூப்படறதும் நீ, எலை எடுக்கறதும் நீ. எலை எடுக்கறவன் சுறுசுறுப்பா இல்லீன்னா அடுத்த பந்தி நின்னுட்டே கெடக்கும் சாமி. அந்த ஆளை மொதல்ல மாத்து."

உண்மைதான். புகை இறங்கும் பழைய டவுன்பைப்பைக் கழற்றிப் பார்த்தோம். டர்போவை விட்டு இறங்கியதுமே நசுங்கின மாதிரி ஒரு வளைவு. அதைத்தான் முதலில் மாற்றுகிறோம்.

பெயரை எடுக்க ஃபோன் பண்ணினேன். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஆதிரைக்குச் சளி. மூக்கு மட்டும்தான், நெஞ்சில் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறொரு டாக்டரும் சொல்லிவிட்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. சித்ரான்னம் கிளறி, மூன்று பேருமாக மருதமலை அடிவாரம் வரை போய் வந்தோம். சசிதான் ஓட்டினார். எங்கள் வீட்டுக் கார் மணிக்கு நாற்பதில் போனால் எனக்குப் போதும், ஐம்பது என்றால் கையில் குழந்தை கனக்கிற மாதிரி ஆகிவிடுகிறது.

"வர்றப்ப நீ ஓட்டேன்" என்றார் சசி.

"செருப்பு சரியில்லைங்க."

"கழட்டிட்டு ஓட்டு."

"பாப்பா என் மடியிலதான் இருப்பா."

"அவ என் மடியிலயும் இருப்பா. காலைல பூரா இருந்தா."

"முட்டி வலிக்குதுங்க" என்றேன். திரும்பும்போதும் அவரே ஓட்டினார். வீட்டுக்கு வந்து பரண்மேலிருந்த அட்டைப்பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். என் ஹெல்மெட் இருக்கிற பெட்டி. ஆடிப்பெருக்கன்று எதற்கு ஒட்டடை அடிக்கிறார் என்று தெரியவில்லை.

நீ கேட்பாயே என்று சொல்கிறேன்: டவுன்பைப் இரண்டரை இஞ்ச், துருப்பிடிக்காத இரும்பு, நீ வரைந்து வைத்த வளைவுகளேதான். ஃபெலிக்ஸண்ணாவின் வெல்டிங் ஓரம் மயில் கழுத்து நிறத்தில் நிற்கிறது. ஆதிரையைத் தூக்கிக் காட்டினேன். வாயில் வைக்கப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்று எல்லாம் பூட்டியாயிற்று. கைவலி. ஆனாலும் எழுதுகிறேன்.

ஆதிரையைப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதாகிவிட்டது. பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்குக் கோவிலில் கூழ் ஊற்றும் வேலை. ஆபீஸ் அறையில் பாய் விரித்து, கதவுக்கு அணை கட்டி, அவளைச் சுற்றிப் பழைய ரப்பர் ஹோஸ்களைப் போட்டுவிட்டேன். நன்றாகக் கழுவியவை. இரண்டு முறை கழுவியவை.

டவுன்பைப் ஒரே தடவையில் உட்கார்ந்தது. ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் பைப்பும் அப்படியே. டர்போவிலிருந்து, காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் பைப் மட்டும் ஒரு நூல் இடித்தது, அதை ஓரம் தேய்க்க வேண்டியிருந்தது. ஃபெலிக்ஸண்ணா அங்கேயே கிரைண்டரைப் போட்டார். இன்டர்கூலரின் வாய் பப்பரப்பே என்று திறந்து கிடக்கிறது, பொறி பறக்கிறது, ஒரு இரும்புத் துகள் உள்ளே போனால் என்ஜின் காலி. சட்டென்று தோளில் கிடந்த துணியை எடுத்து வாயை அடைத்தேன். அதே நேரம் ஆபீஸ் அறையிலிருந்து ஆதிரையின் அலறல். ஓடினேன். ஹோஸுக்குள் கையை விட்டு எடுக்கத் தெரியாமல் அழுதுகொண்டிருக்கிறாள்! பால் கொடுத்து, தூங்கவைத்து, நான் திரும்பி வரும்போது ஃபெலிக்ஸண்ணா எல்லா கிளாம்பையும் முறுக்கி முடித்திருந்தார்.

ஸ்டார்ட் பண்ணினோம். ஜெசி, அந்தக் குரல்! கரகரப்பு இல்லை, அலறல் இல்லை, தவில்காரர் கையால் மெல்லத் தட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு அடித்தொண்டை. ஆக்சிலேட்டரை மிதித்து விட்டதும் டர்போ "உஷ்ஷ்" என்றது. ஆதிரை விழித்துக்கொண்டு என்னைப் பார்த்து "உஷ்ஷ்" என்றாள். அவளுடைய முதல் வார்த்தை அம்மா இல்லை என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஃபோன் பண்ணினேன். ஒரு ரிங் போனது, வைத்துவிட்டேன். வேலை நேரத்தில் அவர்களைத் தொந்தரவு செய்வானேன்.

ஆகஸ்ட் 6, புதன்

வண்டி இழுக்கவில்லை.

ஃபெலிக்ஸண்ணா பைபாஸில் ஓட்டினார், நான் பக்கத்தில் காற்றழுத்தம் பார்க்க லேப்டாப்போடு. பாதி மிதிக்கும் வரை குதிரை மாதிரி போகிறது. முழுசாக மிதித்தால் மூச்சு முட்டுகிறது. டர்போ சுற்றுகிறது, காற்றும் அழுத்துகிறது, ஆனால் என்ஜினுக்கு வந்து சேருவதில்லை. பழைய பைப்போடு போனதைவிட மோசம்.

"மேடம், நீங்க ஒருக்கா ஓட்டிப் பாருங்க. எனக்கு வெல்டிங் ராடு தெரியும், ரோடு தெரியாது" என்றார்.

"எனக்கு லேப்டாப் பார்க்கணும்ணா."

"லேப்டாப்ப நான் புடிச்சுக்கறேன்."

"படிக்கத் தெரியணுமில்ல" என்றேன். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சிரித்தார். "கோடு மேல போச்சா கீழ போச்சான்னு பாக்க எதுக்கு மேடம் டிகிரி? சரி வுடுங்க, பாப்பாவுக்கு நேரமாச்சு."

மல்லிகாக்கா ஃபோனில், "எலை எடுக்கற ஆளை மாத்தியும் பந்தி நகரலியா? அப்ப பந்தி நடுவுல, விருந்துக்கு வந்த ஒறம்பரை எவனோ எந்திரிக்காம உக்காந்திருக்கறான், நல்லாப் பாரு" என்றார்.

வீட்டில் ஆதிரைக்கு இடுப்பில் கட்டும் துணிகளில் ஒன்று குறைகிறது. சசியின் பழைய வேட்டியைக் கிழித்துச் செய்தவை, பச்சைக் கரை போட்டது ஒன்றைக் காணோம். காற்றடித்தால் பக்கத்து மாடிக்குப் போய்விடும். நாளை கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்தோம். எங்கேயும் ஒரு குமிழி இல்லை. ஃபில்டர் மாற்றினோம். டவுன்பைப்பைக் கழற்றி விளக்கடித்துப் பார்த்தோம், கோவில் குளம் மாதிரி சுத்தம். கணக்கைத் திரும்பப் போட்டேன். தப்பு என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும், வளைவு ஏதாவது கூர்மையாகிவிட்டதோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை இந்த வண்டியில் யாரும் ஓட முடியாது என்று சசியிடம் சொன்னேன். வருத்தமாகத்தான் இருக்கிறது. இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன். நேற்று நன்றாகத் தூக்கம் வந்தது, ஆதிரை பிறந்த பிறகு அப்படித் தூங்கியதே இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பக்கத்து மாடியில் துணி இல்லையாம்.

ஆகஸ்ட் 9, சனி

காலையில் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் கரை, நீலக் கரை, சிவப்புக் கரை. பச்சைக் கரை எங்கே போயிற்று என்று யோசித்தபடியே சிவப்புக் கரைத் துணியைத் தோளில் போட்டேன். போட்ட கை அங்கேயே நின்றது.

ஜெசி, நான் அதை எடுக்கவேயில்லை.

அது வண்டிக்குள் இருக்கிறது. இன்டர்கூலரின் வாயில் என் கையால், நழுவாதபடி விரல் முட்டும் வரை செருகினேன். ஃபெலிக்ஸண்ணாவுக்கு வெளியே ஒன்றும் தெரிந்திருக்காது. மேலே பைப்பை மாட்டி முறுக்கிவிட்டார். டர்போ தள்ளிய காற்று அதை உள்ளே கொண்டுபோய் வலை மாதிரி இருக்கும் குழாய்களின் மேல் ஒட்டி வைத்திருக்கிறது. சிவப்பு நாடா கட்டித் தொங்கவிடாமல் எந்த வாயையும் அடைக்கக் கூடாது என்று நீ பட்டறைச் சுவரில் எழுதிவிட்டுப் போனாய். அதை நான்தான் புதிதாக வரும் பையன்களுக்குப் படித்துக் காட்டுவேன்.

மீதித் துணிகளை மடித்தேன். சசியின் சட்டைகளையும் மடித்தேன். அவற்றை இஸ்திரி போட்டேன். தலையணை உறைகளையும் போட்டேன். தலையணை உறைக்கு நான் இஸ்திரி போட்டு நீ பார்த்திருக்கிறாயா? திங்கட்கிழமை கழற்றினாலும் அது அங்கேதான் இருக்கும் என்று ஒரு நினைப்பு ஓடிக்கொண்டே இருந்தது.

சசி ஆதிரையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்று பார்த்தார். "என்ன கோகி, நாளைக்கு வீட்ல விசேஷமா?"

"வண்டியில என்ன கோளாறுன்னு தெரிஞ்சுபோச்சுங்க."

"சரியாயிடுமா?"

"ஆயிடும். மத்தியானத்துக்குள்ள."

"அப்ப அந்த உறை அப்படியே கெடக்கட்டும்" என்றார். இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அவரே அணைத்தார்.

பட்டறையில் மல்லிகாக்காவும் வந்திருந்தார். நான் விஷயத்தைச் சொல்லவில்லை. நேராகக் கிளாம்பைத் தளர்த்தி, பைப்பை இழுத்து, இரண்டு விரலை உள்ளே விட்டேன். வந்தது. கறுப்பாக, எண்ணெய் ஊறி, ஓரத்தில் மட்டும் பச்சைக் கரை தெரிய, இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அட சாமீ" என்றார் மல்லிகாக்கா. "என்ர வண்டிக்கு இடுப்புத் துணி கட்டி உட்ருக்கறே!"

ஃபெலிக்ஸண்ணா கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பில் அவருக்குக் குரலே வரவில்லை. "மேடம், நான் ரெண்டு நாளா என் வெல்டிங்கையே சந்தேகப்பட்டு, சர்ச்சுக்குப் போய் முட்டி போட்டுட்டு வந்தேன் மேடம்!"

"மன்னிச்சிருங்கண்ணா. அக்கா, நீங்களும்."

"என்னத்துக்கு மன்னிப்பு? நான் என்ர மூத்தவனப் பெத்த வருசம் ரவைன்னு நெனச்சு உப்பக் கொட்டி முன்னூறு பேருக்குக் கேசரி கிண்டுனவ. புள்ளக்காரி மண்டையில பாதி புள்ளைதான் இருக்கும். மீதியிலதான் மத்ததெல்லாம் ஓடோணும். எடு வண்டிய."

"ஃபெலிக்ஸண்ணா ஓட்டிப் பாக்கட்டுங்க."

"அவன் ஓட்டி நான் பாத்துட்டனே, மாட்டு வண்டி வழி கேக்கும். கோளாற வெச்சவ நீ, எடுத்தவ நீ. அது போயிருச்சான்னு நீதான் பாக்கோணும்."

செருப்பு, முட்டி, லேப்டாப் என்று என்னிடமிருந்த எல்லாமே செலவாகிப் போயிருந்தன. ஏறி உட்கார்ந்தேன். சீட்டை முன்னால் இழுத்தேன். பட்டறைச் சந்திலிருந்து பைபாஸ் வரை இரண்டாவது கியரிலேயே போனேன். பக்கத்தில் மல்லிகாக்கா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். பைபாஸில் வண்டியே இல்லை. மூன்றாவது போட்டேன், மிதித்தேன்.

மல்லிகாக்காவின் வெற்றிலை பின்சீட்டில் கிடந்தது.

"பந்தி நகந்திருச்சு அம்மணி" என்றார், மெதுவாக.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கண்ணைச் சொக்குகிறது. இருந்தாலும் இதை இன்றைக்கே எழுதியாக வேண்டும்.

மைதானம் முழுக்கச் செம்மண். ஆரஞ்சுக் கூம்புகளை நட்டுப் பாம்பு மாதிரி பாதை போட்டிருந்தார்கள். பெண்கள் பிரிவில் ஏழு பேர். என் பக்கத்தில் நின்ற பெண் காலேஜ் இரண்டாம் வருஷமாம், சூயிங்கம் மென்றுகொண்டு, "அக்கா, நீங்க யாரோட அம்மா?" என்று கேட்டாள். பின்னால் சசியின் மார்பில் தொங்கிய ஆதிரையைக் காட்டி, "அவளோட அம்மா" என்றேன். "நீங்களா ஓட்டப் போறீங்க?" என்றாள். "ஆமா" என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான் முதல் தடவை.

ஹெல்மெட்டைப் போட்டதும் எனக்குக் கேட்டதெல்லாம் என் மூச்சுதான். ஆதிரை அழுவாளோ, சத்தத்துக்குப் பயப்படுவாளோ, நாலு பக்கமும் தூசி பறக்கிறதே என்று சசியை மூன்று தரம் கூப்பிட்டுச் சொன்னேன். காதுக்கு அடைப்பான், முகத்துக்குக் குடை, பசித்தால் பையில் மசித்த வாழைப்பழம். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "பெல்ட் போட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

முதல் ஓட்டத்தில் ஒரு கூம்பைக்கூடத் தொடவில்லை. தொடுகிற வேகத்தில் போகவில்லை என்பதுதான் காரணம். ஏழாவது இடம். திரும்பி வந்து இறங்கியதும் நேராக ஆதிரையிடம் ஓடினேன். வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள்! அத்தனை சத்தத்தில், அத்தனை தூசியில், அப்பாவின் சட்டையில் எச்சில் வழிய விட்டுக்கொண்டு. நான் போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது.

எனக்கு ஒரு பக்கம் கோபமே வந்தது. இன்னொரு பக்கம், நெஞ்சுக்குள் இத்தனை மாதமாக முறுக்கி வைத்திருந்த ஏதோ ஒரு கிளாம்பை யாரோ வந்து தளர்த்திவிட்ட மாதிரி இருந்தது. அவளுக்கு நான் வேண்டும்தான். ஆனால் இந்த ஒரு நிமிஷத்துக்கு வேண்டாம்.

இரண்டாவது ஓட்டம். கொடி இறங்கியது. முதல் மூன்று வளைவு எப்படிப் போனேன் என்று தெரியாது. கைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது ஜெசி, நான் மறந்ததெல்லாம் கைக்கு ஞாபகம் இருந்தது! கூம்புக்கு முன்னாலேயே பிரேக், வால் வழுக்கும்போதே ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடி, உடனே மிதி. கடைசியில் ஒரு நேர்கோடு. அங்கே முழுசாக மிதித்தேன். டர்போ நிரம்பியது. அது நிரம்பும்போது முதுகை ஒரு கை பிடித்துத் தள்ளுமே, நினைவிருக்கிறதா? அந்தக் கை. ஃபெலிக்ஸண்ணாவின் வெல்டிங்கும் உன் வளைவுகளும் என் கணக்கும் சேர்ந்து என் காலுக்கடியில் பாடிக்கொண்டிருந்தன. நானும் கத்திக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, கோட்டைத் தாண்டி நின்றபோது தொண்டை எரிந்தது. வேலியோரத்தில் மல்லிகாக்கா முந்தானையைச் சுழற்றிக்கொண்டு, "மிதி அம்மணீ! நின்னுபுட்டியா? மிதீ!" என்று இன்னும் கத்திக்கொண்டிருந்தார். ஓட்டம் முடிந்துவிட்டது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

கடைசிக் கூம்பைத் தட்டிவிட்டேன். அதற்கு நேரம் கூட்டிப் போட்டும் இரண்டாவது இடம். முதலிடம் அந்தச் சூயிங்கம் பெண்ணுக்கு. பரிசளிப்பு முடிந்ததும் அவள் வந்து வண்டிக்கடியில் குனிந்து பார்த்தாள். "யாருக்கா பைப் செஞ்சது? சத்தம் செமயா இருக்கு."

"நான்தான்" என்றேன். "உன்னுது டர்போவா?"

"ஆமாக்கா. இழுக்கவே மாட்டேங்குது."

"செவ்வாய்க்கிழமை கொண்டா. பாத்துடலாம்."

ஆதிரை அப்போதுதான் விழித்தாள். சூடாக இருந்த வண்டியைப் பார்த்து "உஷ்ஷ்" என்றாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

உடம்பில் வலிக்காத இடம் இல்லை. சமைக்கும்போது சும்மா சும்மா சிரிப்பு வருகிறது, சசி எட்டி எட்டிப் பார்க்கிறார்.

பைப்பை எல்லாம் கழற்றிப் பார்த்தோம். எங்கும் விரிசல் இல்லை. ஆவணி பிறந்ததும் மல்லிகாக்காவிடம் வண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முகூர்த்தம் இல்லாத ஞாயிறுகளில் நான் எடுத்துக்கொள்ளலாம் என்று அவரே சொல்லிவிட்டார். நான் கேட்கக்கூட இல்லை. ஓட்டத்துக்கு வந்து கத்துவதற்கு இடம் மட்டும் பிடித்து வைக்க வேண்டுமாம்.

இப்போது ஒரு கேள்வி. நேற்று அந்த நேர்கோட்டின் கடைசியில், இன்னும் கொஞ்சம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று தோன்றியது. டவுன்பைப்பை மூன்று இஞ்ச் ஆக்கினால் மேல் வேகத்தில் மூச்சு நன்றாக விடும், ஆனால் வளைவை விட்டு வெளியே வரும்போது இழுவை குறைந்துவிடுமோ என்று சந்தேகம். குறைந்தாலும் நேர்கோட்டில் அந்தப் பெண்ணைப் பிடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். அடுத்த ஓட்டம் செப்டம்பரில். என் பெயரை நானே கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை ஃபெலிக்ஸண்ணா குழாய் வெட்டுகிறார், அதற்கு முன்னால் உன் கணக்கு எனக்கு வேண்டும். இதைப் படித்ததும் சீக்கிரம் பதில் போடு ஜெசி.